கரண்டு போன நேரத்துப் பாட்டு

எங்கள் தெருவில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் கரண்டு போக வேண்டும்.

குமாரபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காவிரிக்கு அந்தக் கரையில் பவானி, இந்தக் கரையில் நாங்கள். அங்கே ஜமக்காளம், இங்கே லுங்கியும் துண்டும். தெருவுக்கு நாலு பட்டறை, பட்டறைக்கு எட்டோ பத்தோ விசைத்தறி. ஒரு தறி நிமிசத்துக்கு 120 தடவைக்கு மேல் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து அனுப்பும். பத்துத் தறி ஒன்றாக ஓடினால் உள்ளே சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். தறிக்காரர்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். எங்களுடையது பட்டறைச் சுவரை ஒட்டிய லைன் வீடு. ரேடியோவை எவ்வளவு கூட்டி வைத்தாலும், பாடுகிறவர் வெறுமனே வாயசைக்கிற மாதிரிதான் இருக்கும்.

அதனால் எங்களிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் டேப்ரெக்கார்டர். கரண்டு போனதும் தெரு சட்டென்று அடங்கும். கொஞ்ச நேரம் காதுக்குள் ‘ங்ஙொய்’ என்று இரையும். அப்புறம் காக்கா கத்துவது கேட்கும், யார் வீட்டிலோ பாத்திரம் விழுவது கேட்கும். அந்த இடைவெளியில்தான் நாங்கள் பாட்டைப் போடுவோம்.

பட்டறையில் கூலி மீட்டர் கணக்கு. கரண்டு போனால் கூலியும் போச்சு. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, முடியும் ஒவ்வொரு பாட்டையும் கணக்குப் போடுவார். “மூணர நிமிசம். நானூத்தி இருவது ஊடை போச்சு.” எங்களுக்குக் கிடைத்த பாட்டெல்லாம் அவருடைய ஊடையை வெட்டிக் கிடைத்ததுதான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

1995 பொங்கலுக்குப் பெரியப்பா மகன் வந்திருந்தான். பெங்களூரில் லேத் பட்டறையில் வேலை. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்தான். ஏ பக்கம் ‘காதலன்’. பி பக்கத்தில் பேனாவால் ‘ஏஸ் ஆஃப் பேஸ்’ என்று எழுதியிருந்தது. ஏ பக்கம் எங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தை மாதத்து மத்தியானம் ஒன்றில் கரண்டு போனபோது பி பக்கத்தைத் திருப்பிப் போட்டோம்.

அது யாருடைய பாட்டு என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஸ்வீடனில் கோத்தென்பர்க் என்ற துறைமுக நகரம். அங்கே லின், யென்னி என்று அக்கா தங்கை, அவர்களுடைய அண்ணன் யோனாஸ், அவருடைய நண்பர் உல்ஃப். நாலு பேரும் சேர்ந்து சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்துச் செய்த முதல் ஆல்பம் ‘ஹேப்பி நேஷன்’. 1992 கடைசியில் முதலில் டென்மார்க்கில் வந்தது. மறு வருசம் அதிலிருந்த ‘ஆல் தட் ஷி வாண்ட்ஸ்’ இங்கிலாந்தில் 3 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆல்பத்தைக் கொஞ்சம் மாற்றி அமெரிக்காவில் ‘தி சைன்’ என்ற பெயரில் விட்டார்கள். அந்தப் பெயருள்ள பாட்டு பில்போர்டின் 1994ஆம் ஆண்டுப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. தொண்ணூறுகளில் உலகம் முழுக்க மிக அதிகமாக விற்ற முதல் ஆல்பங்களில் இது ஒன்று.

எங்கள் லைன் வீட்டுக்கு இது எதுவும் தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரு கேசட்டும் நாலு பேட்டரியும்தான்.

முதலில் கருத்துச் சொன்னவர் கடைசி வீட்டு வாத்தியார். நல்ல வாசகர், நல்ல ரசிகர். ஒரு பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உசிர் இல்லப்பா. எல்லாம் மெஷின். பாடற பொண்ணு கூட மெஷின் மாதிரியே பாடுது” என்றார். இதே தீர்ப்பை ‘ரோஜா’ வந்தபோதும் அவர் வாயால் கேட்டிருந்தோம். அதுவும் 1992தான், அதுவும் முதல் படம்தான். கம்ப்யூட்டர் மியூசிக், ரெண்டு வருசம் தாங்காது என்று டீக்கடைகளில் பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தப் படத்துக்கு ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்த பிறகு வாத்தியார் ரஹ்மானை மன்னித்துவிட்டார். இந்த ஸ்வீடன்காரர்களை மன்னிக்கவில்லை.

அப்பாவின் கேள்வி வேறு மாதிரி இருந்தது.

“மேளம் ஆரு அடிக்கறது?”

“ஆளே இல்லீங்கப்பா. மெஷினு.”

அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். விரலால் திண்ணையில் தட்டிக்கொண்டே இருந்தார். “ஒரு அடி கூடத் தப்பலயே” என்றார். அது பாராட்டு. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவர், சத்தம் ஒரு இம்மி மாறினால் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று திரும்பாமலே சொல்கிறவர். தப்பாத அடி என்றால் அவருக்கு நல்ல துணி, அன்றைக்கு முழுக்கூலி. பிறகு, “விசைத்தறிக்குக் கொறச்சல். கைத்தறிக்கு ஜாஸ்தி” என்று வேகத்தையும் சொன்னார். ரொம்ப நாள் கழித்துத் தேடிப் பார்த்தேன். ‘ஆல் தட் ஷி வாண்ட்ஸ்’ நிமிசத்துக்கு நூறு அடிக்கும் குறைவு. டிஸ்கோ வேகத்தில் வைக்காமல், ஜமைக்காவின் ரெக்கே நடையில் கொஞ்சம் இழுத்து விட்டிருக்கிறார்கள். அப்பாவின் விரல் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

இங்கே ஒரு விசயம் சொல்லியாக வேண்டும். அப்பா மோட்டாருக்குப் பேரிங் வாங்கி வந்தால் அந்த அட்டைப்பெட்டிகளை என்னிடம் தந்துவிடுவார், ரப்பர், பென்சில் போட்டு வைக்க. மேலே எஸ்.கே.எஃப் என்று இருக்கும். அந்தக் கம்பெனி பிறந்த ஊரும் கோத்தென்பர்க்தான். ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற எஞ்சினியர் அங்கே ஒரு துணி மில்லில் மெஷின் பராமரிப்பு பார்த்தார். மில் நின்றது களிமண் தரை. தரை அசைய அசைய ஷாஃப்ட் நேர்கோட்டிலிருந்து விலகும், பேரிங் தேயும், மில் நிற்கும். ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும் பால் பேரிங்கை அவர் உருவாக்க, 1907இல் கம்பெனி தொடங்கியது. மெஷினை நிற்காமல் ஓட வைப்பது எப்படி என்று ஒரு துணி மில்லில் மண்டையை உடைத்துக்கொண்ட ஊர்! தப்பாத அடி உள்ள பாட்டு அங்கிருந்து வந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவிடம் சொல்ல, அவர் இல்லை.

அத்தைக்கு வருகிறேன்.

அப்பாவின் தங்கை. மாமாவும் அவரும் அதே பட்டறையில் வேலை, மாமா தறி ஓட்ட, அத்தை தார் சுற்ற. கல்யாணக் கடனுக்கு வாங்கிய அட்வான்ஸ் தீராததால் வேறு பட்டறைக்குப் போக முடியாது. கல்யாணமாகி ஏழு வருசம், குழந்தை இல்லை. திருச்செங்கோட்டு மலையில் வறடிக்கல்லைச் சுற்றி வந்திருக்கிறார். பிற்பாடு பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ படிக்கையில் அந்தக் கல் வரும் இடத்தில் என்னால் பொன்னாவைப் பார்க்கவே முடியவில்லை. பஞ்சுத்தூசி படிந்த தலையோடு அத்தைதான் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அத்தை கேட்டார்: “என்ன கண்ணு சொல்றா அவ?”

நான் ஒன்பதாவது. தமிழ் மீடியம். பாட்டில் எனக்குப் பிடிபட்டது ரெண்டு மூணு வார்த்தை. அதில் ஒன்று ‘பேபி’. “அவளுக்கு வேற எதுவும் வேண்டாமாமுங்கத்தெ. ஒரு கொழந்த மட்டும் போதுமாமா” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அத்தை, “இன்னொருக்கா போடு” என்றார்.

அந்த வெயில் காலம் முழுக்கக் கரண்டு போகும்போதெல்லாம் அந்தப் பாட்டுதான். பேட்டரி இறங்கினால் வெயிலில் காய வைத்து மறுபடி போடுவோம். அப்படியும் இழுக்கும். லின்னின் குரல் கட்டைக் குரலாகி, கடைசியில் ஆண் குரலாகி நிற்கும். அத்தை கேசட்டைக் கையில் வாங்கி, பென்சிலை விட்டுச் சுற்றி முதலுக்குக் கொண்டுவருவார். தார் சுற்றும் கை அல்லவா, எங்களை விட வேகம்.

சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில்தான் குட்டு உடைந்தது. ராக் கேட்கும் சீனியர்கள். அவர்களுக்கு ஏஸ் ஆஃப் பேஸ் என்றால் சூயிங்கம், மென்று துப்பிவிட வேண்டிய பாட்டு. நான் என் மொழிபெயர்ப்பைச் சொன்னதும் ஒருவர் கட்டிலில் உருண்டு சிரித்தார். “டேய், அது கொழந்த இல்லடா. ஆளு!” ஒருவனை விட்டு இன்னொருவனைத் தேடிப் போகும் பெண்ணைப் பற்றிய பாட்டாம் அது. தப்பாகப் புரிந்துகொண்டவன் நான் மட்டும் இல்லை. இங்கிலீஷே தாய்மொழியாக உள்ள ஊர்களிலும் எத்தனையோ பேர் குழந்தை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் என் அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அத்தையிடம் சொல்லவில்லை. லீவுக்குப் போகும்போதெல்லாம் சொல்ல வாயெடுத்து விட்டுவிடுவேன். குழந்தை பிறக்கவே இல்லை. நான் கொடுத்த பொய் ஒன்று அவரிடம் இருந்தது, அதைப் பிடுங்குவானேன் என்று விட்டேன்.

இந்த ஆல்பம் பிறந்த கதையிலும் ஒரு கேசட் உண்டு. ஸ்டாக்ஹோமில் டென்னிஸ் பாப் என்ற தயாரிப்பாளருக்கு இவர்கள் டெமோ கேசட் ஒன்றை அனுப்பினார்கள். அவருக்கு அது அப்படியொன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கேசட் அவர் கார் பிளேயரில் சிக்கிக்கொண்டது. எடுக்க வரவில்லை. வண்டி எடுக்கும்போதெல்லாம் அதையே கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கேட்க அதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. அப்படித்தான் ‘ஆல் தட் ஷி வாண்ட்ஸ்’ உருவானது. இதைப் படித்தபோது எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது. எங்களுக்கும் வேறு கேசட் வாங்க வழியில்லை. வாத்தியாரிடம் அலமாரி நிறையக் கேசட் இருந்தது. அவர் ஒரு தடவையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர முடிந்தது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா போய் நாலு வருசம். அத்தைக்குக் காது மந்தம். பட்டறையில் முப்பது வருசம் இருந்த காது அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். ரெண்டாவது அடியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அத்தெ, அந்தப் பாட்டுல கொழந்த இல்லீங்க. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அவ வேற ஆளத் தேடறா.”

“என்னது?”

மறுபடி கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிற்கவே இல்லை சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லவேள சாமி, அப்ப உனக்கு இங்கிலீசு தெரியல. தெரிஞ்சிருந்தா உங்க மாமா டேப்ப ஒடச்சிருப்பாரு” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. “இத்தன நாளா கொழந்தப் பாட்டுன்னு நெனச்சுக் கேட்டீங்களே...” என்று இழுத்தேன்.

“கொழந்தைக்கின்னு கேக்கல கண்ணு” என்றார். “நம்ம பாட்டுல கொழந்த இல்லாதவ வந்தாளுனா ஒரே அழுக. மாரடிச்சுட்டு அழுவா. கேட்டா நமக்கும் தொண்டைய அடைக்கும். இவ அழுவாம கேட்டா. எனக்கு இது வேணும்னு சும்மா நின்னு கேட்டா பாரு, அது புடிச்சிது.”

உசிர் இல்லை, மெஷின் மாதிரிப் பாடுகிறாள் என்று வாத்தியார் சொன்னதும் அந்தக் குரலைத்தான். ஸ்வீடனிலிருந்து வரும் நடனப் பாட்டுகளைக் குளிர்ந்த பாட்டு என்று குறை சொல்வதைப் பிறகு பல இடங்களில் கேட்டுவிட்டேன். நானே சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் கோயிலிலும் பட்டறையிலும் எல்லாரும் தனக்காக அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அழாத ஒரு குரல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அத்தை செல்போனை வாங்கி நல்ல காதில் வைத்துக்கொண்டார். தெருக்கோடிப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி முடிந்த மறுநாளே ஆர்டராம்.

“கேக்குதுங்களா அத்தெ?”

கேட்கவில்லை போல. விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தார், அப்பா மாதிரியே.