ரெண்டு மாட்டு விலைக் கம்ப்யூட்டர்

எங்க வீட்டு ஆசாரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. 2000-ஆம் வருசம் அக்கா காலேஜ் சேர்ந்தபோது அப்பா ரெண்டு கறவை மாட்டை விற்று, மீதிக்கு மஞ்சள் பணத்தைப் போட்டு ஈரோட்டில் வாங்கினார். அன்றைக்கு 38,000 ரூபாய். செலரான் 433 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி ராம், 8.4 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 இன்ச் பெட்டி மானிட்டர். இந்த நம்பரெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. யார் கேட்டாலும் "ரெண்டு மாடு" என்றுதான் விலை சொல்வார்.

அப்பா போய் ஆறு வருசமாச்சு. போன வருசம் பழைய இரும்புக்காரர் 250 ரூபாய்க்குக் கேட்டார். "ரெண்டு மாட்டை எடைக்குப் போடச் சொல்றியா கண்ணு?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொடுக்கவும் முடியாது, சும்மா வைக்கவும் மனசில்லை. சரி, ஓட வைப்போம், கோடை லீவுக்கு வரும் அக்கா பையன் விளையாடட்டும் என்று இறங்கினேன்.

பெட்டியைக் கழற்றினால் உள்ளே ஒரு பண்ணையமே நடக்குது. பவர் சப்ளை ஜாலியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மதர்போர்டுக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடு. பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்து, சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தேன். ராம் குச்சியின் தங்கப் பல்லை ஸ்கூல் ரப்பரால் தேய்த்தேன். போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. அது செத்தால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதியும் செட்டிங்கும் பழையபடி முதலுக்குப் போய்விடும். புதுசு முப்பது ரூபாய்.

பெரிய வேலை கன்டென்சரில்தான். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றுக்கும் உள்ள வியாதி அது. உருளையின் மேல்மூடி தட்டையாக இருக்கணும். உப்பியிருந்தால் உள்ளே கெட்டுவிட்டது என்று அர்த்தம். மூணு உப்பியிருந்தது. எங்க மோட்டார் காயில் கட்டும் தம்பியிடம் கொண்டுபோனேன். அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்கும் லோ இஎஸ்ஆர் ரகமாகப் பார்த்து வாங்கி வைத்துக் கொடுத்தார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பெட்டி மானிட்டரை மட்டும் நீங்களாகத் திறக்காதீங்க. ஒயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் வோல்டேஜ் தங்கி நிற்கும்.

பவர் சப்ளையிலும் ஒரு விசயம் கவனிக்கணும். அந்தக் காலத்து போர்டெல்லாம் பெரும்பாலும் 5 வோல்ட் லைனில்தான் தீனி எடுக்கும். இப்போது விற்கும் சப்ளைகளுக்கு 12 வோல்ட் லைன்தான் பலம். அதனால் மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு வாங்கணும். நம்ம ஊர்க் கரண்ட் ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் யுபிஎஸ்ஸும் கட்டாயம்.

உயிர் வந்த பிறகுதான் அப்கிரேடு. ராம் போடப்போனால் ஒரு சூட்சுமம். இது இன்டெல் 440 பிஎக்ஸ் சிப்செட் போர்டு. 256 எம்பி குச்சி ஒன்றில் எட்டே எட்டு சிப் இருந்தால் பாதியைத்தான், அதாவது 128-ஐத்தான் கண்டுகொள்ளும். இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருந்தால் முழுசாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று தேடிப் போட்டேன். அதுக்கு மேலே ஆசைப்படவில்லை. விண்டோஸ் 98-க்கு 512 எம்பியைத் தாண்டினாலே வயிற்றுவலி வந்துவிடும்.

கடமுடவென்று கத்திய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு 16 ஜிபி ஒன்றை மாட்டினேன். ஐடிஇ ஒயருக்கும் அந்த கார்டுக்கும் பாஷை ஒன்றுதான். நடுவில் ஒரு சின்ன கன்வர்ட்டர் போதும். பெரிய கார்டு வேண்டாம். 1999 வாக்கில் வந்த பல பயாஸ்கள் 32 ஜிபிக்கு மேல் கண்டால் அப்படியே உறைந்து நின்றுவிடும். பழைய டிஸ்ப்ளே கார்டுக்குப் பதில் ஒரு ரிவா டிஎன்டி2. சவுண்டுக்கு மட்டும் கறுப்பு ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் இருந்த பழைய இஎஸ்எஸ் கார்டையே விட்டுவிட்டேன். டாஸ் ஆட்டங்கள் சவுண்ட் பிளாஸ்டர் பாஷை பேசும் கார்டைத்தான் தேடும், இது அதைப் பேசும். யுபிஎஸ் நீங்கலாக மொத்தச் செலவு 4,300 ரூபாய்.

பிராசசரைத் தொடவில்லை. வேகம் கூடுவது எப்போதும் நல்லதில்லை. 1990-இல் வந்த விங் கமாண்டர் மாதிரி சில ஆட்டங்கள் பிராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும். 433 மெகாஹெர்ட்ஸே அதுக்கு வெறிபிடித்த வேகம், கையால் ஆட முடியாது. பயாஸில் கேஷ் மெமரியை அணைத்து வைத்தால் ஏறக்குறைய 386 காலத்து நடைக்கு இறங்கிவிடும். பழைய 386, 486 பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்குமே, அதுவும் நிஜத்தில் வேகத்தைக் குறைக்கத்தான் வைத்தது. இளங்கன்றுக்குத் தக்கபடிதான் ஏரை ஓட்டணும்.

"லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் போட்டாலே இதெல்லாம் ஓடுமே, எதுக்கு இந்த வேலை?" என்று சென்னை நண்பர் கேட்டார். ஓடும், செலவும் இல்லை. ஆனால் லேப்டாப் என்றால் ஒருத்தன் மடியில் வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவான். இந்தப் பெட்டியை அசைக்க முடியாது. பார்க்கணும் என்றால் எல்லாரும் அதுக்கு முன்னால் வந்துதான் உட்காரணும்.

அப்படித்தான் உட்கார்ந்தோம். ராத்திரி தண்ணி கட்டிட்டு வந்தால் ஆசாரத்தில் நாலு பிள்ளைகள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் 60 மரம் கொடுத்தால் ஒரு வயல், அதில் 175 உணவு விளையும், தீர்ந்தால் மறுபடி மரம் கொடுக்கணும். மழை வேண்டாம், ஆள் கூலி வேண்டாம், மண்டியில் விலையும் கேட்க வேண்டாம். ஒரு காட்டுப்பன்றியை அடித்தால் 340 உணவு. இங்கே காட்டுப்பன்றி நம்ம காட்டைத் தின்னும், அங்கே நாம அதைத் தின்கிறோம். எங்க அம்மாவே உட்கார்ந்து பார்த்துச் சிரித்தாங்க.

அக்கா பையனுக்குப் பிடித்தது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டான் மெக்னர் என்பவர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் படம் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்து அந்த இளவரசனை வரைந்தார். 1989-இல் வந்த ஆட்டம். அறுபது நிமிசத்துக்குள் இளவரசியை மீட்கணும், அவ்வளவுதான் கதை. வந்த முதல் ரெண்டு நாள் "என்ன மாமா கிராபிக்ஸ் இது" என்றவன், பதினோராம் நாள் சாயங்காலம் முடித்துவிட்டான். நாலு பேரும் கத்தின கத்தில் கட்டுத்தறியில் எருமை மிரண்டுபோச்சு.

அப்புறம் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ்வளவுதானா மாமா? அடுத்த லெவல் வராதா?"

"வராது தம்பி. முடிஞ்சுது."

அவன் போனில் ஆடும் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. ஜெயித்தால் அடுத்தது வரும், தோற்றால் காசு கேட்கும், நடுராத்திரியில் கூப்பிடும். ஒரு ஆட்டம் முடிந்து அவன் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஸ்விட்சை அவனே அணைத்துவிட்டு, சாப்பிட வந்து உட்கார்ந்தான்.

உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கலாம். எடைக்குப் போடும் முன்னால் ஒருதரம் திறந்து, கன்டென்சர் தலை உப்பியிருக்கா, பேட்டரி கசிந்திருக்கா என்று மட்டும் பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.