ஃபோல்டருக்குள் ஃபைலா, ஃபைலுக்குள் ஃபோல்டரா?

போன மாதம் ஒரு உதவித்தொகை விண்ணப்பம். மாலை 5 மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். காலையில் டெஸ்க்டாப்பில் இருந்த அந்த ஃபோல்டரை பென் டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் காப்பி ஆகிவிட்டது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்!

ஜெராக்ஸ் கடையில் அது திறக்கவே இல்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தம்பி, இது ஷார்ட்கட்டு. ஓரத்துல சின்னதா அம்புக்குறி இருக்கு பாருங்க" என்றார். மொத்த அளவு 2 கேபி. என் பன்னிரண்டு வருடப் படிப்பும் அந்த 2 கேபியில் இல்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் தாலுகா ஆபீசில் 30 வருடங்களுக்கு மேல் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். பீரோவில் இருந்த அட்டை ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து 4.20க்கு வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். பலருக்கும் இருக்கும் கேள்விகள்தான்.

முதல் கேள்வி: "ஃபோல்டருக்குள்ள ஃபைலா? எங்க ஆபீஸ்ல ஃபைலுக்குள்ளதானேடா காகிதம் இருக்கும்?"

நியாயம்தான். நம்ம ஊர் அரசு அலுவலகத்தில் ஃபைல் என்றால் ஒரு விஷயத்தைப் பற்றிய மொத்தக் கட்டு. அதற்கு ஒரு ந.க. எண், உள்ளே குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு, மேலே ஒரு நாடா. கம்ப்யூட்டரிலோ ஒற்றைக் கடிதமே ஒரு ஃபைல். அப்பா ஃபைல் என்று சொல்வதைத்தான் நாம் ஃபோல்டர் என்கிறோம். 1981ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டர், அமெரிக்க ஆபீஸ் மேஜையை அப்படியே திரையில் வரைந்தது. மஞ்சள் ஃபோல்டர் படத்தில் மேலே ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது இழுப்பறையில் நிற்க வைத்த அட்டைகளில் பெயர் தெரிவதற்காக வைத்தது. நம் ஆபீஸ்களில் கட்டுகளைப் படுக்க வைத்து அடுக்குவார்கள். அதனால்தான் அப்பாவுக்கு அந்தப் படம் புரியவே இல்லை.

இரண்டாவது கேள்வி: "ஒரு சினிமாவை இந்த ஃபோல்டர்ல இருந்து அந்த ஃபோல்டருக்கு மாத்துனா உடனே போயிடுது. பென் டிரைவுக்குன்னா மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?"

ஃபோல்டர் என்பது உண்மையில் பெட்டியே இல்லை. அது ஒரு பெயர்ப் பட்டியல். விண்டோஸ் 95 வருவதற்கு முன்னால் அதை டைரக்டரி என்றுதான் சொல்வார்கள். ஒரே டிரைவுக்குள் மாற்றினால் படம் இருந்த இடத்திலேயே இருக்கும், பட்டியலில் மட்டும் திருத்தம் நடக்கும். வேறு டிரைவுக்கு என்றால் மொத்தத்தையும் நகல் எடுத்தாக வேண்டும்.

"புரியுது. கட்டு ரேக்குலயே கிடக்கு, பதிவேட்டுல மட்டும் திருத்துறீங்க" என்றார். எங்கள் லேப் வகுப்பில்கூட இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை :-)

மூன்றாவது: "ஒரே காகிதம் ரெண்டு ஃபைலுக்கு வேணும்னா?"

"நீங்க என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். ஒன்றில் காகிதத்தை வைத்துவிட்டு, மற்றதில் 'இன்ன ந.க. எண் கோப்பில் காண்க' என்று ஒரு சீட்டு வைப்பார்களாம். ஷார்ட்கட் என்பது அதேதான் என்றேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ நீ சீட்டை எடுத்துட்டு, கட்டை வீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்க."

ஆமாம்.

கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு பதில் தெரியவில்லை. அவர்கள் ஆபீசில் ஒரு ஃபைலை முடிக்கும்போதே அதை ஓராண்டு வைப்பதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று எழுதிவிடுவார்கள். "உங்க கம்ப்யூட்டர்ல எதை எத்தனை வருஷம் வைக்கணும்னு யார் முடிவு பண்றது?"

யாரும் இல்லை. என்னிடம் 'நியூ ஃபோல்டர்' முதல் 'நியூ ஃபோல்டர் (14)' வரை இருக்கிறது. சான்றிதழும் கிரிக்கெட் மீம்ஸும் ஒரே இடத்தில். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், எது எங்கே என்று தெரியாது. பென் டிரைவில் அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்பதும் ஒருமுறை பறிகொடுத்த பிறகுதான் தெரிந்தது. ஃபோல்டர் போட்டுவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஃபைலை ஃபைலாக வைத்திருந்தது அட்டையும் நாடாவும் இல்லை, அதில் எண் போட்டு, எத்தனை வருஷம் என்று முடிவு செய்த ஒரு ஆள்.

அன்று ராத்திரி பதினான்கு ஃபோல்டரையும் திறந்து பார்த்து மூன்றாக்கினேன். சான்றிதழ்களை (நிஜமானவற்றை!) பென் டிரைவில் ஏற்றி, எடுத்துச் செருகி ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தேன்.

காலையில் அட்டை ஃபைலைத் திரும்ப பீரோவில் வைக்கப் போனபோது, முதல் பக்கப் பட்டியலில் அப்பா பென்சிலால் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நகல் - கம்ப்யூட்டர், டி டிரைவ், சான்றிதழ்கள் ஃபோல்டர். நிரந்தரம்.'