கியூப் கணக்கில் வாங்கும் கல்

ஜூன் 4

உடப்பில் கல் விளையாது. மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு, நடுவே மணல். தோண்டினால் மணலும் அதன்கீழ் நீரும்தான். புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் சுண்ணக்கல் உண்டு. சீமெந்துக்காக அதை வெட்டுகிறார்கள். உறுதியான கருங்கல் வேண்டுமென்றால் குருநாகல் பக்கத்து மலைகளைத்தான் நம்ப வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கரை கரையத் தொடங்கியதும் கருங்கல் அணை வேண்டும் என்ற பேச்சும் எழுகிறது. எத்தனை லோட், எத்தனை கியூப் என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. எந்தக் கல் என்று யாரும் கேட்பதில்லை. சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டும் எந்தக் கட்டுக்கும் முதற்கேள்வி அதுதான். ஒட்டவைக்கச் சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாத இடத்தில் கல்லின் எடை, வடிவம், அது உட்காரும் விதம் ஆகிய மூன்றும்தான் சாந்தின் வேலையைச் செய்கின்றன. கல்லைத் தெரிவதில் பிழை விட்டால் அதை மறைக்கப் பூச்சு இல்லை.

கியூப் என்பது நூறு கனவடி. மணல், சல்லி, கருங்கல் எல்லாம் நம் நாட்டில் பொதுவாக இந்த அளவில்தான் விலைபேசப்படுகின்றன. குவித்த கல்லில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம் என்று கொண்டால், ஒரு கியூப்பில் இருப்பது ஏறத்தாழ நாலரைத் தொன் கல். அந்த நாலரைத் தொன் ஒன்றரைத் தொன் எடையுள்ள மூன்று கற்களாகவும் வரலாம், இரண்டு பேர் தூக்கும் ஐம்பது கிலோக் கற்கள் தொண்ணூறாகவும் வரலாம். பற்றுச்சீட்டில் இரண்டும் ஒன்றே. கடலுக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் 9

அமெரிக்க இராணுவப் பொறியியற் பிரிவின் ஆய்வுகூடத்தில் ராபர்ட் ஹட்சன் 1950களில் மாதிரி அணைகளின்மேல் அலைகளை மோதவிட்டு ஒரு சூத்திரத்தை வகுத்தார். இன்றும் கற்றடுப்புக்கான முதற்கணக்கு அதிலிருந்தே தொடங்குகிறது. வேண்டிய கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பது அதன் சாரம். அலை இருமடங்கானால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று சரிவுள்ள தடுப்பில் ஒரு மீற்றர் அலை முறிந்தால் 170 கிலோ அளவிலான முனையுள்ள கருங்கல் தாங்கும். அதே சரிவில் இரண்டு மீற்றர் அலைக்கு 1.3 தொன் தேவை. ஐம்பது கிலோக் கல்லோ முக்கால் மீற்றருக்கும் குறைந்த அலைக்கே ஈடு கொடுக்கும். பருவக்காற்றுக் கடலுக்கு முன்னால் தொண்ணூறு சிறு கற்களைக் கொட்டுவது, கடல் எடுத்துப்போக வாகாகக் கல்லை உடைத்துக் கொடுப்பதற்குச் சமம்.

வடிவத்துக்கும் இதே கணக்கில் இடம் உண்டு. முறியும் அலைக்கு, முனையும் சொரசொரப்பும் உள்ள கல்லுக்குக் கொடுக்கும் உறுதிக்கெழு 2.0, வழுவழுப்பான உருண்டைக் கல்லுக்கு 1.2. ஆகவே உருண்ட கல் அதே இடத்தில் நிற்க ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கனக்க வேண்டும். உருண்டையும் வேண்டாம், பலகை போன்ற தட்டைக் கல்லும் வேண்டாம். தட்டைக் கல்லை அலை அடியிலிருந்து நெம்பிப் புரட்டும், நடுவில் முறிக்கவும் செய்யும். நாம் கருங்கல் என்று சொல்வதில் பெரும்பகுதி உருமாறிய பாறை. அதில் வெளிர் வரியும் கரு வரியும் மாறிமாறி ஓடும். காக்காய்ப்பொன் அடர்ந்த வரி உள்ள கல் அந்த வரியிலேயே பிளக்கும். வெடிவைத்து எடுத்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கும். சிற்பிகள் கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு ஆண்கல், பெண்கல் என்று பிரித்தார்கள். சிலைக்குச் செய்த அந்தச் சோதனையைக் கடலணைக்கும் செய்யலாம். சுத்தியலால் தட்டும்போது கணீரென்னாமல் மந்தமாக ஒலிக்கும் கல்லை லொறியில் ஏற்றுமுன் குவாரியிலேயே கழித்துவிட வேண்டும். உடப்புக்கு வந்து சேர்ந்த பிறகு எந்தக் கல்லையும் யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை.

ஜூன் 15

இவ்வளவு பார்ப்பதற்குப் பதில் சீமெந்துச் சுவர் எழுப்பினால் என்ன என்பது நேர்மையான கேள்வி. சீமெந்து நேராக நிற்கும், கண்ணுக்கு உறுதி தரும். ஆனால் அது நிற்கப்போவது மணலில். செங்குத்துச் சுவரில் மோதிய அலை வலுவிழக்காமல் திரும்பிவந்து சுவரின் காலடி மணலையே கிளறும். அடி வெறுமையானதும், வளையத் தெரியாத சுவர் வெடிக்கும். வெடித்தால் நீளமாகச் சாயும். பின்னால் தேங்கும் நீர் வெளியேற வழியில்லாவிட்டால் அதுவும் சேர்ந்து சுவரைத் தள்ளும். சாந்தில்லாத கல்லடுக்கு அலையைத் தன் இடுக்குகளில் வாங்கிக் களைப்படையச் செய்கிறது. அடி இறங்கினால் கற்கள் தாமும் இறங்கிப் பள்ளத்தை நிரப்பிக்கொள்கின்றன. குலைந்த இடத்தில் அதே கல்லை எடுத்து மறுபடியும் வைக்கலாம். மணற்கரையில் இந்த நெகிழ்ச்சிதான் பலம்.

அந்த நெகிழ்ச்சி தானாக வருவதில்லை. பெரிய கல்லை நேரே மணலில் வைத்தால் ஒவ்வோர் அலையும் இடுக்கு வழியே மணலை உறிஞ்சும், கல் புதையும், ஓரிரு பருவத்தில் அணை மணலுக்குள் போயிருக்கும். ஆகவே மணலின்மேல் வடிதுணியோ சல்லிப் படுக்கையோ வேண்டும். அதன்மேல் மேற்கல்லின் எடையில் பத்திலொரு பங்குள்ள கல், அதற்கும் மேலே மேற்கல் இரண்டு அடுக்கு. கடற்பக்க விளிம்பில் மிகப் பெரிய கல்லைத் தோண்டிப் புதைத்து அடிக்கால் அமைக்க வேண்டும். சிறுகல்லுக்கும் இங்கே வேலை இருக்கிறது, ஆனால் உள்ளே. பெரிதும் சிறிதும் கலந்த குவியலை லொறியிலிருந்து சரித்தால் சிறியது மேலேயும் பெரியது கீழேயும் கண்டபடி விழும். முதற்புயலில் சிறியது போகும், அது பிடித்திருந்த பெரியதும் ஆடும். ஆகவே கல் வந்து இறங்க வேண்டியது குவியல் குவியலாக, வகை பிரித்து.

ஜூன் 18

நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகள் இலங்கைத் தமிழரிடம் உள்ள சாந்தில்லாக் கட்டுக்கு மிகச் சிறந்த சான்று. காணியில் கிடந்த கல்லைப் பொறுக்கி, நிலம் துப்புரவாவதும் எல்லை எழுவதும் ஒரே வேலையாக, தீவு முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். பெரியது அடியில், இரண்டு கல்லின் மூட்டின்மேல் ஒரு கல், முகத்தில் பொருந்தாத துண்டு நடுவில். காற்று இடுக்கு வழியே போய்விடுவதால் வேலி சாய்வதில்லை. குரோசியா, கிரேக்கம், இத்தாலி முதலான எட்டு ஐரோப்பிய நாடுகளின் இதே கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நெடுந்தீவு வேலி எந்த வகையிலும் அதற்குக் குறைந்ததல்ல.

அப்படியானால் முருகைக்கல்லே உடப்புக்கும் போதாதா? முன்னோர் அதில் கோட்டையே கட்டவில்லையா? கட்டினார்கள், கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் வைத்ததும் அந்தக் கல்தான். ஆனால் வேலிக்கும் கோட்டைக்கும் சுமை மேலிருந்து கீழே இறங்குகிறது. கடலணையிலோ நீர் கல்லைத் தூக்கப் பார்க்கிறது. அப்போது கணக்கில் வருவது நீரில் மூழ்கிய பின் மிஞ்சும் எடை. கன மீற்றருக்கு 2.65 தொன் உள்ள கருங்கல்லின் இடத்தில் 2 தொன் உள்ள துளைக்கல்லை வைத்தால், ஹட்சன் கணக்குப்படி ஒவ்வொரு கல்லும் மூன்று மடங்குக்கு மேல் கனக்க வேண்டும். அவ்வளவு பெரிய முருகைக்கல்லுக்கு எங்கே போவது? கடலிலிருந்து எடுப்பது என்றால் அது சட்டப்படி குற்றமும்கூட. 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 திருத்தம் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. அலையைக் கரைக்கு வெளியிலேயே முறிக்கும் முருகைப் பாரைப் பெயர்த்து வந்து கரையில் அலைக்கு அணை கட்டுவதை எந்தச் சிக்கனமும் நியாயப்படுத்தாது.

ஜூன் 24

மிகக் கனமான மறுப்பு கரைவலைக்காரரிடமிருந்து வரும், வர வேண்டும். எவ்வளவு நல்ல கல்லை எவ்வளவு நன்றாக வைத்தாலும் அணை தனக்குப் பின்னால் உள்ள நிலத்தைத்தான் காக்கும், முன்னால் உள்ள கடற்கரையை அல்ல. மணல் வரத்துக் குறைந்த கரையில் அணைக்கு முன்னிருக்கும் மணல் மெலிந்துகொண்டே போகும். அணை முடியும் இடத்துக்கு அப்பால் அரிப்புக் கூடும். கரைவலைக்குப் பாடு, அதாவது வலை வளைத்து இழுக்கும் கரைப்பகுதி, வேண்டும். வலையின் இரு கயிறுகளையும் பிடித்து வரிசையாகக் கால் ஊன்றி இழுக்க அகன்ற மணல் வேண்டும். கல்லடுக்கில் வலை கிழியும். இழுப்பவர் கால் எங்கே ஊன்றுவது? அம்பா பாடி வலை வளைக்கும் ஊருக்கு மணல்தான் தொழிற்சாலை.

இந்த மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை; ஏனென்றால் அது பெருமளவு சரி. தெதுரு ஓயா சிலாபத்தருகே கடலில் விழுகிறது. தென்மேற்குப் பருவத்தில் கரையோர மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்வதால் அந்த ஆற்று மணல் உடப்புப் பக்கத்துக்கும் உரியது. ஆற்றுக்குள்ளேயே அதை அள்ளிக் கட்டடங்களுக்கு விற்றுவிட்டு, கரை மெலிகிறது என்று மலையை வெட்டிவந்து போடுகிறோம். கல்லைப் பற்றிய எந்த யோசனையும் மணலைப் பற்றிய இந்த யோசனையைத் தள்ளிப்போட உதவக்கூடாது. ஆனால் ஆற்றில் மணல் அள்ளுவது நாளை நின்றாலும் கரை நிமிரப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை கடலோர வீடுகள் காத்திருக்க முடியாது. ஆகவே நகர்த்த முடியாததற்கு முன்னால் மட்டும் கல், மற்ற இடத்தில் மணல். அணையின் இரு முனைகளையும் திடீரென்று முடிக்காமல் கரைப்பக்கம் வளைத்து நிலத்துக்குள் புதைக்க வேண்டும்.

ஆகவே கேள்விமனுவில் கியூப் கணக்கு மட்டும் இருந்தால் போதாது. மேற்கல்லின் ஆகக் குறைந்த எடை, அடுத்த அடுக்கின் எடை, நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேற்படக்கூடாது என்ற வரம்பு, நிறைபாலத்தில் எடுத்த சீட்டு, இயந்திரத்தால் ஒவ்வொன்றாக வைக்கும் கூலி ஆகியவை தனித்தனி வரிகளாக வர வேண்டும். செலவு கூடும் என்பார்கள். முதல் வருடம் கூடும். சிறுகல் அணைக்கோ ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் லொறி வர வேண்டும். முதல் லொறி வருமுன் கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரை அழைத்து, எந்தெந்தப் பாட்டில் ஒரு கல்லும் விழக்கூடாது என்று வரைபடத்தில் அவர்களையே குறிக்கச் சொல்ல வேண்டும். அந்தக் குறி இல்லாத வரைபடத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது.