நாற்பதுக்குப் பிறகும் தொடர்ந்த மருந்து



இதை எழுதலாமா என்று என் தங்கை மகளிடமே கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க பெரியம்மா. மத்ததெல்லாம் எழுதுங்க. நம்ம வீட்டுல செஞ்ச தப்ப இன்னொரு வீட்டுல செய்யக் கூடாது" என்றாள். அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் அவள். ஏழாம் மாதத்தில், தலைப்பிரசவத்திற்காக வில்லியனூரில் உள்ள தாய்வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கில் நீர், கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. சளிதான் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். மாலையில் அவளுடைய கைப்பையில் தங்கையின் கைக்கு ஒரு மாத்திரை அட்டை அகப்பட்டது. பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

கடலூர் சாலையில் நடந்த பைக் விபத்துக்குப் பிறகு, அவள் கணவருக்கு இடுப்பு வலிக்காக எழுதிக் கொடுத்த மாத்திரை அது. டேபென்டடால் என்று பெயர். அபினைப் போலவே மூளையில் வேலை செய்யும் வலிநிவாரணி. வலி போன பின்னும் மாத்திரை போகவில்லை. நண்பர்களின் பழக்கத்தில் அதைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார். தலைவலி, தூக்கமின்மை என்று இவளும் முதலில் விழுங்கினாள். பின்னர் அதே ஊசி. ஒரே ஊசியை இருவரும்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். அல்லாஹ் விலக்கியதை ஒரு நாழிகையும் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சிட்டு இரு, சரியாப் போயிடும்" என்று சொல்லி அறைக்கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து யாஸீன் ஓதினேன். உள்ளே அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை நாள் கழிந்தது. சுப்ஹு நேரத்தில் "பெரியம்மா, வயிறு கல்லா இறுகுது, புள்ள அசையவே இல்ல" என்று அவள் கதவைத் தட்டிய பிறகுதான் சாவியை எடுத்தேன்.

ஆட்டோவில் அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்து கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு அனுப்பினார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது, அல்ஹம்துலில்லாஹ். என் மகளின் வயதே இருக்கும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். கர்ப்பிணி ஒருத்திக்கு இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் தாய் படும் வேதனை கருப்பைக்குள்ளும் போகும். குறைப்பிரசவம் ஆகலாம், குழந்தையே தவறியும் போகலாம் என்றார். கர்ப்பிணிகளுக்கு உடனே நிறுத்தும் முயற்சியை விட, புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் கொடுத்து நிலைப்படுத்தும் சிகிச்சையே ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் விளக்கினார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

புப்ரெனார்ஃபின் நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடும் சிறு மாத்திரை. மூளையில் அபின் வகை மருந்துகள் போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் முழு மயக்கம் தராது. ஓர் அளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. உடல் நடுக்கமும் ஏக்கமும் அடங்கும். பழைய மருந்தின் வீரியம் உடலில் இருக்கும்போதே இதைக் கொடுத்தால் அவதி அதிகமாகும் என்பதால் நேரம் பார்த்து, மருத்துவமனையில் வைத்தே தொடங்கினார்கள். மூன்றாம் நாள் அவள் பசிக்கிறது என்றாள்.

வீட்டில் கேள்வி வேறுவிதமாக எழுந்தது. "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா?" என்றார் தங்கையின் கணவர். நியாயமான கேள்விதான், எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பெயர் சொல்லாமல் கேட்கச் சொன்னேன். மயக்கத்திற்காக உட்கொள்வது வேறு, இரண்டு உயிர்களைக் காக்க மருத்துவர் அளந்து தருவது வேறு என்றார் அவர். நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவர்க்கு மார்க்கம் தரும் சலுகையை எடுத்துச் சொன்னார். மதுவும்கூட ஒரே நாளில் விலக்கப்படவில்லை, அந்தச் சமுதாயம் படிப்படியாகவே அதிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்டது என்பதையும் நினைவூட்டினார். தங்கையின் கணவர் அதன்பின் பேசவில்லை. மறுவாரம் அவரே மருமகனையும் சிகிச்சைக்கு அழைத்துப் போனார்.

அடுத்த அடி இரத்தப் பரிசோதனையில் வந்தது. ஹெபடைட்டிஸ் சி. ஓர் இடத்தில் ஊழியர் ஒருவர் அதை வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று அவள் முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு வந்தால், தங்கை அவளுக்கென்று தட்டும் தம்ளரும் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். பெற்ற தாய்தான். பயம் அப்படி.

இந்தக் கிருமி இரத்தத்தின் வழியே பரவுவது. ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டியணைப்பதாலோ, தும்முவதாலோ பரவாது. ஊசி, சவரக்கத்தி, பல்துலக்கி ஆகியவற்றைத்தான் பகிரக் கூடாது. இதை மருத்துவர் சொல்லக் கேட்ட அன்று இரவு, தங்கை அதே தனித் தட்டில் சோறு போட்டு மகளோடு சேர்ந்து உண்டாள்.

குழந்தைக்குப் போகுமா என்பதே எல்லார் நெஞ்சிலும் இருந்தது. இத்தொற்றுள்ள தாய்மார்கள் நூறு பேரில் சுமார் ஐந்து பேரின் குழந்தைகளுக்கே போகிறது. எச்ஐவியும் சேர்ந்திருந்தால் கூடும். அவளுக்கு அது இல்லை. இதற்காகவென்று சிசேரியன் தேவையில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து இரத்தம் கசியும்போது மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். நோயைக் குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் கர்ப்பத்தில் அவற்றின் பாதுகாப்பு உறுதியாகாததால் பிரசவத்திற்குப் பிறகுதான் என்றார்கள்.

சுகப்பிரசவம். ஆண் குழந்தை. இரண்டாம் நாள் மாலையில் கீச்சென்ற அழுகை, கைநடுக்கம், அடுத்தடுத்துத் தும்மல். தாய் உட்கொண்ட மருந்திலிருந்து குழந்தை விடுபடும் அறிகுறிகள் அவை. எதிர்பார்த்தே ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். விளக்கைத் தணித்து, சத்தத்தைக் குறைத்து, தாயின் மார்போடு தோல் படக் கிடத்தினார்கள். பாலில் கலக்கும் புப்ரெனார்ஃபின் மிகச் சிறிதளவே, கொடுங்கள் என்றார்கள். ஐந்தாம் நாள் நடுக்கம் அடங்கியது. ஏழாம் நாள் முடி இறக்க வந்தவரிடம் புது பிளேடு போடச் சொல்லி நானே நின்று பார்த்தேன். எந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் செய்ய வேண்டுமாம். இத்தனை வருடம் யார் கவனித்தோம்?

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்த இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. "புள்ள பொறந்தாச்சு, இனி எதுக்கு அந்த மாத்திரை?" என்று உறவினர்கள் கேட்டார்கள். நாற்பது நாள் முடியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக் கூடாது என்று அவள் மாமியார் பிடிவாதம் பிடித்தார். மாத்திரையோ சில நாள்களுக்கு மட்டுமே கையில் கொடுக்கப்படும். நேரில் போக வேண்டும். தூக்கமில்லாத இரவுகள், தையல் வலி, காரணமில்லாத அழுகை என்று பழைய பழக்கம் திரும்ப அழைக்கும் காலம் இது. இடைவெளிக்குப் பிறகு பழைய அளவையே எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்த உடலில் மூச்சே நின்றுவிடலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

நிஃபாஸ் தொழுகைக்கும் நோன்புக்கும்தான் விலக்கு. மருத்துவமனைக்குப் போவதற்குத் தடை இல்லை. மாமியாரிடம் இதை நான் சொன்னபோது, "நீங்க பெரியவங்க, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று விட்டுக்கொடுத்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிக் கோரிமேட்டுக்குப் போனோம். ஒருநாள் பஸ்ஸில், "பெரியம்மா, சாவி இன்னும் முந்தானையிலதான் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹெபடைட்டிஸ் சி-க்கான மாத்திரைகள், 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலோர்க்கு 12 வாரம். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். ஈரல் பாதிப்பு அதிகமில்லாததால் பால் மறக்கடித்த பிறகு தொடங்கலாம் என்று முடிவானது. இரண்டு ஆண்டு நிறையவில்லையே என்று அவள் தயங்கினாள். பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து ஒப்பினால் முன்னதாகவே பால் மறக்கடிப்பதில் குற்றமில்லை என்று குர்ஆனின் பகரா அத்தியாயத்திலேயே வருகிறது. கணவரும் அவளும் உட்கார்ந்து பேசி, பதினைந்தாம் மாதத்தில் நிறுத்தினார்கள். இருவரும் சேர்ந்தே மாத்திரை தொடங்கினார்கள். ஒருவர் மட்டும் குணமானால் மீண்டும் தொற்ற வழியுண்டு. அவர் நடுவில் ஒருமுறை பழைய நண்பர்களிடம் போய்விட்டார். திரும்பி வந்தார். இப்போது அவரும் நாக்கின் அடியில் மாத்திரை வைத்துக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், 14446 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணில் பேசலாம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. நம் தெருக்கள் மட்டும் அதற்கு வெளியே இல்லை.

பிறந்த குழந்தையிடம் தாயின் எதிர்ப்பணுக்கள் பல மாதம் தங்கும். ஆகவே பதினெட்டு மாதம் நிறைந்த பின்பே அந்தப் பரிசோதனையை நம்பலாம். இரண்டு மாதங்களுக்கு முன் செய்தார்கள். தொற்று இல்லை. மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து அவளுக்கு எடுக்க வேண்டிய பரிசோதனை அடுத்த மாதம் வருகிறது. நானும் கூடப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டுமே.