அருவியில் நனைந்த அடிக்கணக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய அதே வாரம், பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கி வந்து என் இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். கடிகாரம் மாதிரியான கைப்பட்டைதான். எத்தனை அடி நடந்தேன், நாடி எவ்வளவு, எவ்வளவு நேரம் தூங்கினேன் எல்லாவற்றையும் கணக்கெடுத்து என் செல்போனுக்கு அனுப்பும். அங்கிருந்து மகளின் செல்போனுக்கும் போய்விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுப்பாள். பெற்ற பெண்ணே எனக்கு ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டாள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல அது, விற்பனைக்காக வைத்த பெயர். எங்கள் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்ததும் அதே 1965-ல்தான். என் டாக்டர், "உங்களுக்கு 6,000 போதும்" என்று சொல்லிவிட்டார். காலையில் கல்லூரி மைதானத்தில் நடந்து அந்தக் கணக்கை முடித்துவிடுவேன்.

போன தை மாதக் கடைசியில், என்னோடு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் ஒகேனக்கல் போகலாம் என்றார்கள். தண்ணீர் குறைவு, குளிக்க விடுகிறார்கள் என்று தகவல். "அருவிக்கெல்லாம் போய் நிக்காதப்பா, பாறை வழுக்கும்" என்று மகள் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறாள். அவளிடம் சொல்லாமலே பென்னாகரம் பஸ் ஏறிவிட்டேன்.

ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை. பாறையில் உட்கார்ந்ததும், தேய்த்துவிடுபவர் என் கையைப் பார்த்தார்.

"ஐயா, அதைக் கழட்டி வெச்சுருங்க. எண்ணெய் படும்."

"இது வாட்டர்ப்ரூஃப்ப்பா. ஐம்பது மீட்டர் ஆழத்துக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாது."

அவர் சிரித்துக்கொண்டு அதன் மேலேயே எண்ணெயைத் தேய்த்தார். பிறகு சோப்புப் போட்டு, அரை மணி நேரம் அருவியில் நின்றேன். திரும்பி வரும்போது, பென்னாகரம் தாண்டியதும் மணி பார்க்கக் கையைத் திருப்பினேன். கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்த மாதிரி ஈரம். தருமபுரி வந்து சேர்வதற்குள் திரை கறுத்துவிட்டது.

31 வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான். ஒவ்வொரு 10 மீட்டர் நீர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டிருப்பேன்! கைப்பட்டையில் போட்டிருக்கும் 50 மீட்டர் என்பது, புதுப் பொருளை அசையாத நீரின் அழுத்தத்தில் வைத்துச் சோதித்த கணக்கு. இரண்டு வருடம் வியர்வையில் ஊறிய ரப்பர் வளையத்துக்கு அது பொருந்தாது. மேலே விழும் அருவி அசையாத நீரும் அல்ல. சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். நுழைய முடியாத இடுக்கிலும் தண்ணீர் நுழையும். பாடம் எல்லாம் தெரியும். பாறையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, மத்தியானத்தோட கணக்கு நின்னிருக்கு?"

"சார்ஜ் தீர்ந்துபோச்சும்மா."

அதுதான் முதல் பொய்.

"ஏங்க, அரிசியில போட்டு வைங்க. பக்கத்து வீட்டுப் பையன் செல்லை அப்படித்தான் காப்பாத்துனாங்க" என்றாள் மனைவி. ராத்திரி முழுக்க அரிசி டப்பாவில் கிடந்தது. காலையில் எடுத்தேன். ஈரம் அப்படியே இருந்தது. சார்ஜ் செய்யும் புள்ளிகளில் மட்டும் அரிசி மாவு ஒட்டியிருந்தது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், சார்ஜ் போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லப்பா."

"நல்லவேளை. தண்ணி மட்டும் போனா பெரிசா கெடாது சார். தண்ணி இருக்கும்போது கரண்டும் போனாத்தான் உள்ள அரிச்சுரும்."

உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரிக்கும், மின்னாற்பகுப்பு. அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திய பாடம்தான். அரிசியைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் சார் என்றார். ஆப்பிள் நிறுவனமே 2024-ல், நனைந்த போனை அரிசியில் வைக்காதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று அறிவித்திருக்கிறதாம். கைப்பட்டையில் இன்னொரு சிக்கல். பசை போட்டு மூடியது. வெளித் தண்ணீரை உள்ளே விடாத அதே மூடல், உள்ளே போன ஈரத்தையும் லேசில் வெளியே விடாது.

அவர் சொன்னபடி செய்தேன். வாரைக் கழற்றிவிட்டு, எண்ணெயும் சோப்பும் போக நல்ல தண்ணீர் தொட்ட துணியால் வெளிப்புறம் துடைத்தேன். சார்ஜ் புள்ளிகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்தேன். மாத்திரை டப்பாக்களிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தேடிச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் அவற்றோடு போட்டு வைத்தேன். வெயிலில் வைக்கவில்லை, ஹேர் டிரையரும் காட்டவில்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. உப்பியது போல் தெரிந்தால் தொடாமல் கடைக்குக் கொண்டுவந்துவிடச் சொன்னார்.

மூன்று நாள். ஒன்பது மணிக்கு இன்னும் இரண்டு பொய்.

நான்காம் நாள் கண்ணாடி தெளிந்திருந்தது. சார்ஜ் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்ததும், பரீட்சையில் பாஸான பையனைப் போல மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுந்து நடந்தால் அடி எண்ணியது. அன்று ராத்திரி கட்டிக்கொண்டே தூங்கினேன்.

விடியற்காலை 4.50-க்குப் போன் அடித்தது. மகள் குரல் நடுங்கியது.

"அப்பா, என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? 108-க்குச் சொல்லட்டுமா?"

தூக்கம் கலைந்து கையைப் பார்த்தேன். நாடி 168 என்று காட்டியது. சுரீரென்றது. போனைப் பிடித்தபடியே இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தேன். மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, 15 விநாடிக்கு 18 துடிப்பு. நாலால் பெருக்கினால் 72. இன்னொரு தரம் எண்ணினேன். அதே 72.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. கைப்பட்டைக்குத்தான் உடம்பு சரியில்ல."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒகேனக்கல், எண்ணெய், மூன்று பொய் உட்பட. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்னுட்டு இருக்கேன்ப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தை, திட்டியிருந்தால் கூட இவ்வளவு தைத்திருக்காது.

காரணம் பிறகு புரிந்தது. கைப்பட்டையின் அடியில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். அந்த ஒளி தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் திரும்பி வரும். அதை வைத்துத்தான் நாடியைக் கணக்கிடுகிறது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் மெல்லிய ஈரம் தங்கியிருந்தது. ஒளி சிதறியது, கணக்கும் சிதறியது. செத்துப்போன கருவி சும்மா இருக்கும். அரை உயிரோடு பிழைத்து வந்த கருவி, ஆளையே அலற வைத்துவிடும்.

உங்கள் கைப்பட்டையும் நனைந்து பிழைத்தால், வயதானவர்களே, ஒன்று செய்யுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு அது காட்டும் நாடியை விரலால் எண்ணி ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அதை நம்பி மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உடம்பில் நிஜமாகவே ஏதாவது தோன்றினால், கருவி நல்லபடியாகக் காட்டினாலும் டாக்டரிடம் போங்கள்.

என்னுடையதில் நாடி பார்ப்பதை நிறுத்தி வைத்துவிட்டோம். இப்போது அடி மட்டும் எண்ணுகிறது. புதிது வாங்கித் தருகிறேன் என்றாள் மகள். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

1983-ல் முதல் சம்பளத்தில் வாங்கிய எச்எம்டி கடிகாரம் ஒன்று அலமாரியில் இருந்தது. அந்தக் கடிகார நிறுவனத்தையே 2016-ல் மூட முடிவு செய்துவிட்டார்கள். சாவி கொடுத்தால் இது இன்னும் ஓடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு முன் அதன் விநாடி முள்ளைப் பார்த்து நாடியை எண்ணி வைத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் எண்ணைப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். இப்போது தினமும் கூப்பிடுகிறாள்.

"எத்தனைப்பா?"

"எழுபத்து நாலும்மா."

"சரி, தூங்குங்க."