மேச்சேரி வெயிலில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

மேட்டூர் அணைக்கும் ஓமலூருக்கும் இடையில் செம்மண்ணும் சரளையுமாக விரிந்து கிடக்கிறது மேச்சேரி. மழை குறைந்தாலும் காய்ந்த புல்லை மேய்ந்து தேறிவிடும் செம்மறியாட்டு இனம் ஒன்று இந்த ஊரின் பெயரிலேயே நாடெங்கும் அறியப்படுகிறது. சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் இந்தச் சீமையிலும் வீட்டு வாசலில் கூம்பு வடிவ ஊசியிலை மரம் ஒன்று நிற்க வேண்டும் என்ற ஆசை பரவிவிட்டது. கார்த்திகை பிறந்தால் சேலம் வட்டாரத்து நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் மரம் இருக்குங்களா?’ என்ற கேள்வி வந்துவிடும்.

கேட்பவர் மனத்தில் நிற்பது படங்களில் பார்த்த ஃபிர் மரம். அது குளிரில் பிறந்து குளிரில் வளர்வது. இந்தியாவில் இமயமலையில்தான் ஃபிர் காடுகள் இயற்கையாக உண்டு. பெரும்பாலான ஃபிர் விதைகளை ஈரத்தோடு சில வாரம் குளிரில் வைத்தால்தான் சீராக முளைக்கும். வளர்ந்த மரமும் குளிர்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகத் துளிர்விடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலேயே அதற்கேற்ற குளிர் கிடையாது; அடிவாரச் சமவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபிர் விளையும் நாடுகளிலும் அது பொறுமையைச் சோதிக்கும் பயிர்தான். ஐரோப்பியத் தோட்டங்களில் வளரும் நார்ட்மன் ஃபிர்ரின் விதையில் பெரும்பகுதி ஜார்ஜியா நாட்டின் அம்ப்ரோலவுரி வட்டாரக் காடுகளிலிருந்து போகிறது. கூம்புக் காய்களைப் பறிக்க ஆட்கள் நெடுமரங்களின் உச்சிவரை ஏறுகிறார்கள். விதைத்த கன்று ஆளுயரம் வந்து விற்பனைக்குத் தயாராக எட்டு, பத்து ஆண்டுகள் பிடிக்கும்.

நம் ஊர் நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று தருவது பெரும்பாலும் அரக்கேரியா. தட்டுத்தட்டாகக் கிளை விரிக்கும் இந்தப் பசிபிக் தீவு மரம் ஃபிர்ருக்கு நேர் உறவு அல்ல, வேறு குடும்பம். 1774இல் கேப்டன் குக் தம் இரண்டாம் பயணத்தில் நியூ கலிடோனியாவிலும் நார்ஃபோக் தீவிலும் இதன் இரு இனங்களைக் கண்டார். நெடுநெடுவென்ற அந்த மரங்கள் கப்பல் பாய்மரத்துக்கு ஆகும் என்று ஆங்கிலேயர் நம்பினர். நார்ஃபோக் மரம் அதற்கு உதவவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் நார்ஃபோக் பைன் என்ற பெயரில் நிற்பவற்றில் பல, உண்மையில் நியூ கலிடோனியாவின் குக் பைன்.

இதன் கன்று உற்பத்தியில் ஒரு நுட்பம் உண்டு. விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழந்துவிடும். குச்சி நட்டு வளர்க்கலாம், ஆனால் எந்தக் குச்சி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும், இலையும் விடும். ஆனால் அது கிளையாகவே படுக்கைவாட்டில் வளருமே தவிர மரமாக நிமிராது. நேராக எழ வேண்டுமென்றால் நடுக்குருத்தைத்தான் எடுக்க வேண்டும். அதை வெட்டிய தாய்ச்செடியோ தன் அழகை இழக்கும். ஒரு நல்ல கன்றின் விலையில் இந்த இழப்பும் அடங்கியிருக்கிறது.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. வறண்ட காற்றில் தொட்டிச் செடியின் கீழ்த்தட்டு காய்ந்து உதிரும். இளங்கன்றுக்கு நிழல்வலையும் வடிகால் உள்ள மண்ணும் சீரான ஈரமும் வேண்டும். தரையில் நன்றாக வேரூன்றிவிட்டாலோ, தாய்நாட்டில் 60 மீட்டர் வரை உயரும் மரம் அது. மின்கம்பிக்கு அடியிலோ சுற்றுச்சுவரை ஒட்டியோ நட்டுவிட்டுப் பிறகு உச்சியை வெட்டுவது மரத்துக்குச் செய்யும் கொடுமை. குக் பைன் பூமத்திய ரேகையை நோக்கிச் சாயும் என்று ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்த ஆய்வு 2017இல் வெளியானது. ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடும். மேச்சேரி 12 பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் இங்கே அது சிறிதளவே இருக்கும்; இருந்தாலும் தெற்குப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நடுவது நல்லது.

கூம்பு வடிவம்தான் வேண்டுமென்றால் இந்த மண்ணுக்கு ஒத்த மரங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் பல தலைமுறைகளாகப் பண்டிகைக்கு நட்டு அலங்கரிப்பது சவுக்குக் கிளையைத்தான். சவுக்கின் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால் ஏழை மண்ணிலும் அது தேறும்; கத்தரித்துக் கத்தரித்து அழகான கூம்பாக்கவும் இடம் கொடுக்கும். கிளை தொங்கி ஒல்லியாக உயரும் நெட்டிலிங்கமோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். ஆடி, ஆவணியில் வௌவால் தின்று மரத்தடியில் உதிர்க்கும் அதன் விதைகளைக் காயவிடாமல் அன்றே பொறுக்கி, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பைகளில் ஊன்றலாம். நர்சரிக்காரருக்கு வெளியூர் லாரிக்குக் காத்திருக்கும் வேலை இல்லை, விதைச் செலவும் இல்லை.