190 லீட்டர் தண்ணீரும் ஐந்து பேரும்

வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று நம்மில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மாத முடிவில் பில் வரும்போது ஒரு பெருமூச்சு விடுவதோடு சரி. ஆனால் வீட்டையே வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு பிரயாணம் போகிறவர்களின் நிலை அப்படியல்ல. அவர்களுடைய தண்ணீர் முழுவதும் அந்த வீட்டின் அடியில் பொருத்தப்பட்ட இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அது முடிந்தால் முடிந்ததுதான். யாராவது போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் இத்தகைய இழுவை வீட்டைக் 'காரவன்' என்பார்கள். கட்டில், அடுப்பு, சிறியதொரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு மூலையில் கழிப்பறை, எல்லாம் உண்டு. அடிலெய்ட் நகரில் வாழும் என் மகளும் மருமகனும் ஜூலை மாதப் பாடசாலை விடுமுறையில் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் இருவரோடு நானும் சேர்ந்து ஐந்து பேர். வடக்கே பிளின்டர்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், வற்றிக் கிடக்கும் ஓர் ஆற்றோரத்தில் மூன்று இரவுகள் தங்கி, பிறகு மரீ என்னும் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். நாங்கள் தங்கிய இடத்தில் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, பொதுக் கழிப்பறையும் இல்லை. அதற்காகவே அங்கே போகிறார்களாம்.

அவர்கள் இதனை 'காம்பிங்' என்கிறார்கள். காம்ப் என்றால் முகாம். மன்னார் மாவட்டத்தில் பிறந்த என் போன்றோருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டபோது, நாங்கள் வள்ளமேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினோம். அதன்பின் புத்தளம் பகுதியில் ஓலைக் குடிசை வாழ்க்கை. பவுசர் வரும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கானையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அப்படி வாழ்ந்தவளைக் காசு கொடுத்து முகாமுக்கு அழைத்துப் போகிறார்களே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த நாட்களில் கற்ற ஒரு பாடம் இந்தப் பயணத்தில் நன்றாகக் கைகொடுத்தது. ஒரு கான் தண்ணீர் ஒரு குடும்பத்துக்கு எத்தனை வேளைக்குக் காணும் என்பதை என் கையும் கண்ணும் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் காரவனில் தாங்கி ஒன்றுக்கு 95 லீட்டர் வீதம் மொத்தம் 190 லீட்டர். கேட்கும்போது நிறைய இருப்பதாகத்தான் தோன்றும். இடம்பெயர்ந்த மக்களுக்கு நிவாரணம் வழங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு. குடிக்க, சமைக்க, சுத்தம் செய்ய என்று ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 15 லீட்டர் வேண்டும் என்கிறது அது. ஐந்து பேருக்கு 75 லீட்டர். அப்படியானால் 190 லீட்டர் இரண்டரை நாட்களுக்குத்தான். மூன்று இரவுகள் தங்குவோர் இடையில் ஒரு தடவையாவது நிரப்பியே ஆக வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளே மருமகனிடம் சொன்னேன். "பாத்துக்கொள்ளலாம் மாமி" என்றார்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் இன்னுமொரு வரி இருக்கிறது. அதுதான் வுழூ. காரவனில் குழாயைத் திறந்ததும் சிறிய பம்ப் ஒன்று இயங்கித் தண்ணீரைத் தள்ளும். நிமிடத்துக்குப் பத்து லீட்டர் அளவில் தள்ளக்கூடிய பம்ப் அது. குழாயைத் திறந்து விட்டபடியே ஒருவர் வுழூ செய்தால் ஒரு வேளைக்குப் பத்து லீட்டர் போய்விடும். பெரியவர்கள் மூன்று பேர், ஐந்து வேளை. 150 லீட்டர்! ஒரே நாளில் தாங்கி காலியாவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ செய்தார்கள் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ளது. மத்ரஸாவில் எல்லோரும் ஓதியதுதான். ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லீட்டர். அதைவிடக் குறைவாகச் சொல்வோரும் உண்டு. சாதாரணக் குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்றில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குதான். நான் ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் முக்கால் லீட்டருக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் கெண்டியில் வுழூ செய்த நமது மூத்தம்மாமாருக்கு இதிலே எந்தச் சிரமமும் இருந்திருக்காது. மகளுக்கு முதல் வேளை கால் கழுவும்போது ஜக் வெறுமையாகிவிட்டது. இரண்டாம் நாள் அவளுக்கும் பழகிவிட்டது. மூன்று பேரும் ஐந்து வேளைக்கும் சேர்த்துப் பதினொன்றேகால் லீட்டர்தான். 150 எங்கே, பதினொன்று எங்கே!

எழுதக் கூச்சமான விடயம் ஒன்றும் உண்டு. ஆனால் இதைப் பெண்கள் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? அங்கே வாழும் நம்மவர் வீட்டுக் கழிப்பறைகளில் பூக்கன்றுக்கு ஊற்றும் சிறிய வாளி ஒன்று இருக்கும். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. காரவனுக்கு அதை எடுத்து வரவில்லை, ஈரக் கடதாசிப் பக்கற்றுகள்தான் வந்திருந்தன. ஈரக் கடதாசி அதற்குப் பின்னர் வரும் தண்ணீருக்கு ஈடாகுமா? பழச்சாறுப் போத்தல் ஒன்றின் மூடியில் ஊசியைச் சுட்டுத் துளைகள் போட்டேன். அரை லீட்டரில் அலுவல் முடியும். இங்கே சிக்கனத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காரவன் கழிப்பறையின் கழிவு, கீழே உள்ள இருபது லீட்டர் அளவான ஒரு பெட்டியில்தான் சேரும். நாம் எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு விரைவாக அது நிறையும். அதனைக் கழிவகற்றும் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவுவது ஆண்பிள்ளைகளின் வேலை என்று நான் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

சுவரில் தண்ணீர் மானி ஒன்று உண்டு. நான்கு சிறு விளக்குகள். மூன்றாம் நாள் காலையில் ஒன்றுகூட எரியவில்லை. பிள்ளைகள் முதல் நாள் மண்ணில் புரண்டுவிட்டு வந்திருந்தார்கள். கழுவாமல் படுக்க வைக்க முடியுமா? காலியான பின்னும் பம்ப் சுற்றினால் பழுதாகிவிடும் என்பதால் அதன் சுவிட்சை உடனே அணைத்தோம். குடிப்பதற்கென்று தனியாக வைத்திருந்த பத்து லீட்டர்க் கான் ஒன்றில் பாதி மிஞ்சியிருந்தது. மருமகன் இருபது லீட்டர்க் கான்கள் நான்கை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசி அலை கிடைக்கும் ஒரு மேட்டில் நின்றுகொண்டுதான் மகளும் நானும் பேசினோம். பிரதான வீதியோரத்தில் வாகனங்கள் இளைப்பாறும் ஓர் இடத்தில் மழைநீர்த் தாங்கி ஒன்று இருக்கிறதாம். கூரையில் விழும் மழையைச் சேமிக்கும் தாங்கி. அவசரத்தில் குடிப்பதற்கு மட்டும், காரவன் தாங்கிகளை நிரப்ப வேண்டாம் என்று பலகை போட்டிருக்கிறார்கள்.

"நாலு கான் தானே மாமி. ஆருக்குத் தெரியப் போகுது? ஊருக்குப் போனால் இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம்."

குடிப்பதற்கென்று ஒதுக்கி வைத்த தண்ணீரில் வுழூ செய்வதே கூடாது என்று நமது ஷாபிஈ மத்ஹபில் சட்டம் இருக்கிறது. வழிப்போக்கன் குடிக்க வைத்ததை எடுத்து நாம் கோப்பை கழுவுவதா? மேலதிகத் தண்ணீரை வழிப்போக்கனுக்கு மறுத்தவனை அல்லாஹ் மறுமையில் ஏறிட்டும் பார்க்கமாட்டான் என்று புகாரியில் வருகிறது. இந்தத் தாங்கி வழிப்போக்கனுடைய பங்கு. அது மட்டுமல்ல, பவுசர் வரிசையில் நமக்கு முன்னால் ஒருவர் எட்டுக் கான் நிரப்பிக்கொண்டு போக, நமது முறை வரும்போது தண்ணீர் நின்றுபோகும் அனுபவம் எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன். "வேண்டாம் மகன், ஊருக்கே போங்க" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு "சரி மாமி" என்றார். அந்தச் 'சரி'யில் பெட்ரோல் செலவும் இருந்தது.

லுஹர் வந்தது. அவர் வரவில்லை. கானில் இருந்த தண்ணீர் பிள்ளைகள் குடிப்பதற்கு. "தயம்மும் செய்வமா உம்மா?" என்று மகள் கேட்டாள். தாகத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் தயம்மும் செய்ய அனுமதி உண்டு. புழுதிக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் பிரயாணிக்கு லுஹரை அஸருடன் பிற்படுத்திச் சேர்த்துத் தொழும் சலுகையும் இருக்கிறது, தண்ணீர் வருமென்ற நம்பிக்கையும் இருந்தது. "காத்திருப்பம். அஸர் நேரம் முடியிறதுக்குள்ள வராட்டி மண்ணைத் தொடுவம்" என்றேன். ஜூலையில் அங்கே குளிர்காலம், ஐந்தரை மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். பிள்ளைகளின் சிறியவன் தாகம் தாகம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் குறைவென்று தெரிந்தால் பிள்ளைகளுக்குத் தாகம் கூடும். 1990இல் வள்ளத்திலும் இதே கதைதான். அன்று வுழூ செய்யக் கடல்நீர் இருந்தது, குடிக்கத்தான் இல்லை.

நாலு மணி தாண்டித்தான் புழுதி தெரிந்தது. ஊரிலே நாணயம் போட்டால் நல்ல தண்ணீர் வரும் இயந்திரம் இருந்ததாம். ஆனால் நாணயம் மாற்றக் கடை தேடி அலைந்திருக்கிறார்.

தண்ணீர் வந்து சேர்ந்தால் வேலை முடியவில்லை. நிரம்பிய கான் ஒன்று இருபது கிலோ. காரவனின் நிரப்பும் வாயோ இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. மருமகன் தூக்கிச் சாய்த்துப் பிடித்ததில் முதல் கானில் பாதி வெளியே சிந்தியது. சற்றுத் தள்ளித் தங்கியிருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் வந்து வழி சொன்னார். கான் மூடியைக் கழற்றிவிட்டு அதே அளவிலான குழாய் மூடியைப் பூட்ட வேண்டும். கானை உயரமான மேசையில் படுக்க வைத்து, குழாயில் ஒரு ஹோஸைக் கொழுவி, மறு நுனியைத் தாங்கியின் வாய்க்குள் விட்டால் தண்ணீர் தானாகவே இறங்கும். ஹோஸை வாய் நிறைய இறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற இடம் வேண்டும், இல்லாவிட்டால் கொப்பளித்து முகத்தில் அடிக்கும். ஒரு கானுக்குச் சில நிமிடங்கள். மனிதருக்கு வேலையே இல்லை. பிள்ளைகள் உள்ளே மானியின் முன் குந்திக்கொண்டு, முதல் விளக்கு எரிந்ததும் கூச்சலிட்டார்கள். அந்த அம்மாவுக்கு இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தோம். அந்தத் தண்ணீரில் ஊற்றிய முதல் தேநீர் அதுதான். பிறகு வுழூ செய்து, லுஹரும் அஸரும் தொழுதோம்.

மறுநாள் அதே ஊர் வழியாகத்தான் பயணம். காரவனையே இயந்திரத்தின் அருகில் நிறுத்தி இரண்டு தாங்கிகளையும் நிரப்பினோம். குடிதண்ணீருக்கென்று விற்கும் ஹோஸைத்தான் பாவிக்க வேண்டும். தோட்டத்து ஹோஸ் தண்ணீருக்கு ரப்பர் வாசம் ஏற்றிவிடும். முதலில் சிறிது தண்ணீரை நிலத்தில் ஓடவிட்டு ஹோஸைக் கழுவிக்கொண்டு, மெதுவாக நிரப்பினோம். அடியில் உள்ள சிறு குழாயால் வழிந்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பம்பைப் போட்டு, உள்ளே குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கழிவகற்றும் நிலையங்களிலும் ஒரு குழாய் இருக்கும். அது கழிவுப் பெட்டி கழுவுவதற்கு. எவ்வளவு அவசரமானாலும் அதில் குடிதண்ணீர் எடுக்கக் கூடாது. 190 லீட்டர் என்றால் 190 கிலோ பாரம்; வாகனம் ஏற்றத்தில் முனகியது.

மரீக்குப் போக மகள் ஆசைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1860இல் பேர்க், வில்ஸ் என்போரின் பயணக் குழுவுக்காக ஒட்டகங்களோடு முஸ்லிம் ஒட்டகக்காரர்கள் அவுஸ்திரேலியாவுக்கு அழைத்து வரப்பட்டார்கள். பின்னர் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து என்று பல இடத்தவர். எல்லோரையும் 'ஆப்கானியர்' என்றே அழைத்தார்கள். மோட்டார் வாகனம் வரும் வரை அந்த வரண்ட உள்நாட்டுக்கு உணவும் கம்பியும் மரமும் தண்ணீரும் சுமந்தவை அவர்களுடைய ஒட்டகங்கள். அடிலெய்டில் 1888-89இல் அவர்கள் கட்டிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடக்கிறது. மரீயில் அவர்கள் மண்ணாலும் ஓலையாலும் எளிமையாக ஒரு பள்ளி எழுப்பியிருந்தார்கள். அது இப்போது இல்லை. அதன் மாதிரி ஒன்றைத்தான் அமைத்து வைத்திருக்கிறார்கள். பழைய புகைப்படத்தில் பள்ளியின் முன்னால் வுழூ செய்யும் தடாகம் தெரிகிறது. தண்ணீரை நம்பி ஊர்விட்டு ஊர் நடந்த அந்த மனிதர்கள் பாலைநிலத்தில் பள்ளி கட்டியபோது ஹவுழையும் மறக்கவில்லை.

"இதுக்கு ஆர் உம்மும்மா தண்ணி நிரப்பினது?" என்று மூத்த பேத்தி கேட்டாள். அருகே ஊற்றுகள் இருந்தன, ஊருக்குப் பழைய பெயரே ஹேர்கொட் ஊற்றுகள் என்று மருமகன் சொன்னார். பாங்கு சொல்ல அங்கே யாருமில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்து நேரம் சொன்னாள் மகள். காரவனின் கதவைத் திறந்தோம். மானியில் நான்கு விளக்குகளும் எரிந்தன. நான் கோடு போட்ட ஜக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பேத்தி தனக்கும் ஒரு ஜக் வேண்டுமென்று அடம்பிடித்தாள்.